பெரிய பொட்டில் நின்ற குமிழ்

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னால் சொல்லவேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், கேட்கிறவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டு பேச்சு வளர்ந்தது எங்கள் வீட்டில் நிறைய உண்டு. அதனால் நடுவில் புரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். ஆனால் மெதுவாகக் கேளுங்கள். முன்னால் ஜன்னலோரம் பச்சைச் சேலை தெரிகிறதா, வலது கையைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு? அவள்தான் வெயிலு. வெயிலுகந்தாள் என்று முழுப்பேர். என் கொழுந்தன் பெண்சாதி. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான்.

எலும்பு டாக்டரிடம்தான் போகிறோம். திருமங்கலத்தில் இறங்கிவிடுவோம். நீங்கள் மதுரைக்குப் போகிறவர். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் ராஜபாளையம் பக்கம். பேர் எதற்கு, விடுங்கள். கட்டுத்துணி நெய்கிற ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்தத் துணி. ஆண்கள் தறியில் நிற்பார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுவோம். ஒரு கம்பி, அதற்கு ஒரு கைப்பிடி. ஒருத்தி கைப்பிடியைச் சுற்றினால் துணி கம்பியில் ஏறும். இன்னொருத்தி எதிரே உட்கார்ந்து துணியைச் சுருக்கம் விழாமல் நீவிக் கொடுக்கவேண்டும். சுற்றி முடித்ததும் கம்பியை உருவிவிட்டு உருளையைத் துண்டு துண்டாக வெட்டுவோம். வருஷக்கணக்கில் நான் சுற்றுவேன், வெயிலு நீவுவாள். அவளுக்கு ஒரு பழக்கம். துணியின் ஓரத்தை இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் இழுத்துப் பிடிப்பாள். அப்போதுதான் விறைப்பாக ஏறும் என்பாள். உண்மைதான், அவள் பிடித்த உருளை கல் மாதிரி இருக்கும். விரல் கம்பிப் பக்கம் போனால் "இருங்கக்கா" என்பாள். நான் நிறுத்திவிடுவேன். அவள் சொல்லாவிட்டாலும் அவள் மூச்சு மாறுவது எனக்குத் தெரியும்.

அப்புறம் என் தோள்பட்டை இறுகிப்போயிற்று. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடக் கை தூக்க முடியவில்லை. வெயிலுவை வைத்துக்கொண்டே என் கொழுந்தன் சோலைராஜ் ஒருநாள், மதினிக்குக் கை வரலேன்னா வேலைய விட வேண்டியதுதானே, ஏன் இவளையும் கெடுத்துக்கிட்டு, என்று கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். எனக்கு அது குத்திவிட்டது. ஏதாவது மோட்டார் வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. பாருங்கள், நானாக ஆசைப்பட்டு ஆரம்பித்தது இல்லை.

மிக்ஸி மோட்டாரை வைத்துப் பார்த்தோம். எடுத்த எடுப்பில் துணியைக் கிழித்துப் போட்டது. தையல் மெஷின் மோட்டார் குதித்துக் குதித்து ஓடியது. கடைசியில் பஜாரில் டிவி, மிக்ஸி எல்லாம் பழுது பார்க்கிற தர்மரிடம் போனேன். அவர் ஒரு பழைய எம்ப்ராய்டரி மெஷினில் கழற்றிய மோட்டாரை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலம்தான், கனம் அம்மிக்குழவி மாதிரி.

"இது ஓடுற மோட்டார் இல்லக்கா, நடக்குற மோட்டார்," என்றார். "ஒவ்வொரு அடியா எடுத்து வைக்கும். இந்தக் குட்டி போர்டு தாளம் போடும். ஒரு தாளத்துக்கு ஒரு அடி. நாபைத் திருகுனா தாளம் வேகமாகும், அவ்வளவுதான்."

நான் கம்ப்யூட்டரெல்லாம் எனக்குத் தெரியாதே என்றேன். கம்ப்யூட்டரும் வேண்டாம், ப்ரோக்ராமும் வேண்டாம், ரேடியோவுக்குச் சத்தம் வைக்கத் தெரியும்தானே, அது போதும் என்று சிரித்தார். அவரே செய்து தந்திருப்பார். கடையில் கூட்டம், நீங்களே உட்கார்ந்து சேருங்கள், நான் சொல்கிறேன் என்றார். உங்களுக்குச் சிரிப்பு வரும், நான்தான் சேர்த்தேன். மோட்டாரில் நாலு வயர். எது எதோடு ஜோடி என்று தெரியாது. தர்மர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். இரண்டு வயரின் நுனியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மோட்டார் தண்டைக் கையால் திருப்பவேண்டும். லேசாகத் திரும்பினால் ஜோடி இல்லை. கனத்தால் ஜோடி. சிவப்பையும் நீலத்தையும் ஒட்டினேன், தண்டு கனத்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலையை நான் செய்கிறேன் என்று.

கரண்டை இறக்குகிற பெட்டி ஒன்று, மோட்டாரை அடியெடுத்து வைக்கச் சொல்கிற போர்டு ஒன்று, தாளம் போடுகிற குட்டி போர்டு ஒன்று. மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, மூடியில் குமிழை வெளியே எடுத்துவிட்டோம். தர்மர் அதை நாப் என்பார். பழைய ரேடியோவில் கழற்றிய கறுப்புக் குமிழ், முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கோடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் வேகம். எண் எழுதவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்கு வந்து குமிழைச் சுற்றி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். மெதுவுக்குச் சின்னப் பொட்டு, நடுவில் நடுத்தரப் பொட்டு, முழுவேகத்துக்குப் பெரிய பொட்டு. வெயிலு பார்த்துவிட்டு, மோட்டாருக்குப் பூவும் வச்சு விட்டுருங்கக்கா, பொண்ணு பாக்க வருவாக, என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு சிரித்தோம்.

இங்கேதான் நான் தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. டப்பாவைக் கையில் கொடுக்கும்போது தர்மர் ஒன்று சொன்னார். "ஃபேன் மாதிரி நெனச்சுராதீகக்கா. இது வேகமாப் போனா பலம் கொறையும். மெதுவாப் போனாத்தான் பலம் ஜாஸ்தி," என்றார். சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் டீயை வைத்துக்கொண்டு, யாரோ மிக்ஸி ஜாரை நீட்ட அதை வாங்கிக்கொண்டே சொன்னார். முக்கியமான விஷயத்தை இப்படியா சொல்வது? இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டாமா? என் காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. உலகத்தில் எது மெதுவாகப் போனாலும் பயம் இல்லை என்றுதானே நாம் பழகியிருக்கிறோம். பஸ்கூட அப்படித்தான். இப்போது இவன் ஓட்டுகிற ஓட்டத்துக்குத்தானே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் வந்த பிறகு ஒருத்தியே சுற்றலாம் என்று ஆயிற்று. வெயிலு துணியை நீவுவாள், நான் பக்கத்தில் வெட்டுவேன். என் தோளுக்கு நிம்மதி. பங்குனி மாதம், வெயில் ஏற ஆரம்பித்த சமயம். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. நான் குடத்தை எடுத்தேன். வெயிலு, போகும்போது நிறுத்திட்டுப் போங்கக்கா, தனியா இருக்கப் பயமா இருக்கு என்றாள். உருளை பாதியில் நிற்கிறதே என்று நான்தான், "சின்னப் பொட்டுல வச்சுட்டுப் போறேன். மெதுவாப் போறது உன்ன என்ன பண்ணப்போகுது?" என்று சொல்லி, குமிழைக் குறைத்து வைத்துவிட்டுப் போனேன். அவள் பத்திரத்துக்காகத்தான் குறைத்தேன். சாமி மேல் சத்தியமாக அதற்காகத்தான்.

குடம் பாதிகூட நிறையவில்லை. அக்கா என்று ஒரு கூப்பாடு. ஓடி வந்தால், வழக்கம்போல ஓரத்தை விரலில் சுற்றியிருக்கிறாள், துணி விரலோடு கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது. மெதுவாக. அதுதான் எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவசரமே இல்லாமல், டக் டக் என்று அடியெடுத்து வைத்து இழுக்கிறது. அவள் இன்னொரு கையால் கம்பியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறாள், அது நிற்கவில்லை. கைப்பிடியில் நான் இருந்தால் அவள் சொல்வது எனக்குக் கேட்கும். இதற்குக் காது ஏது? பிளக்கைப் பிடுங்கினேன். கம்பியைப் பின்பக்கம் சுற்றி விரலை எடுத்தேன். இரண்டு விரல், அது இருக்கவேண்டிய பக்கம் இல்லை. அவள் கண் சொருகிச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

தெருவில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அப்போது என் கை குமிழ் மேல் இருந்தது. பதற்றத்தில் எதையாவது நிறுத்தத்தானே தோன்றும்? பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டது, சரி, இருந்தாலும் கை போயிற்று. திருகினேன். எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? சோலைராஜ் உள்ளே வந்தபோது வெள்ளைக் கோடு பெரிய பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவன் முதலில் அவளைப் பார்த்தான், அப்புறம் டப்பாவைப் பார்த்தான். "முழு வேகத்துல வச்சிருக்கா. மில்லு நடத்துறதா நெனப்பு," என்றான். வந்தவர்கள் எல்லாரும் டப்பாவைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததற்கு நான் என்ன செய்ய?

ஆட்டோவில் என் மடியில்தான் படுத்து வந்தாள். "நான் நாபைத் தொடலையேக்கா," என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் போகிறவர் வருகிறவர் எல்லாரும், கொஞ்சம் பொறுமையா இருந்திருக்கலாம்ல என்று அவளுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே, தொட்டிருப்பேனோ என்னவோ, ஞாபகம் இல்ல என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டியது நான். தலை பின்னியது நான். அவள் அம்மாகூட அவ்வளவு செய்யவில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அப்புறம் தர்மர் வந்தார். மெஷின் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சோலைராஜ்தான் கூட்டி வந்தான். டப்பா அப்படியே இருந்தது, யாரும் தொடவில்லை. பிளக்கைச் சொருகினார். ஙீ என்று ஒரு முனகல். கம்பி அசையவே இல்லை. இதுவும் போச்சா என்று சொல்லிவிட்டுச் சோலைராஜ் தறிக்குப் போய்விட்டான். தர்மர் குமிழைச் சின்னப் பொட்டுக்குக் கொண்டு வந்தார். கம்பி நல்ல பிள்ளையாகச் சுற்றியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார், அதற்கும் சுற்றியது.

"எடுத்ததும் பெரிய பொட்டுல இது கெளம்பாதுக்கா," என்றார். "மெதுவாக் கெளப்பி அப்புறம் கூட்டணும். சரி, வெயிலு அப்படித்தான் கூட்டுச்சுன்னே வைப்போம்." சொல்லிக்கொண்டே, வேகமாகச் சுற்றுகிற கம்பியை வெறுங்கையால் பிடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மோட்டார் ஙீ என்று முனகி நின்றுவிட்டது. அவர் கையில் ஒரு கீறல் இல்லை. பிறகு குமிழைச் சின்னப் பொட்டுக்கு இறக்கி, துணியை மடித்து வைத்துப் பிடித்தார். அவர் மணிக்கட்டையே முறுக்கிக்கொண்டு போனது. விட்டுவிட்டார்.

"வெரல ஒடைக்கிற பலம் இங்கதான் இருக்கு. அங்க இல்ல," என்றார். பெரிய பொட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லக்கா?"

"சொன்னீகளா?" என்றேன் நான்.

அவர் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான், "வெயிலுகிட்ட மட்டும் சொல்லிருங்க. திரும்ப வந்து உக்காந்தா மெதுவா வச்சாத்தான் நல்லதுன்னு நெனைக்கும்," என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு ஒருநாள் பஜாரில் பார்த்து, சொல்லிட்டீகளா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை.

ஆனி பிறந்ததும் வெயிலு வேலைக்கு வந்துவிட்டாள். அந்த இரண்டு விரலும் மடங்காது. சாப்பாடு இடது கையில். வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக, குமிழைத் திருகிச் சின்னப் பொட்டுக்கும் கீழே வைத்தாள். "இனிமே பெரிய பொட்டுப் பக்கமே போக மாட்டேன்க்கா. ஆசைப்பட்டது போதும்," என்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடமும் அதையே சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தக் கம்பி அவசரமில்லாமல் அடியெடுத்து வைக்கிறது, அவள் மீதி விரலில் துணியின் ஓரத்தைச் சுற்றிக்கொள்கிறாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம்தான். எத்தனை தரம் வாய்வரைக்கும் வந்தது தெரியுமா? சின்னப் பொட்டுதான் ஆபத்து என்று சொன்னால், அன்றைக்குப் பெரிய பொட்டில்தானே இருந்தது என்பாள். பெரிய பொட்டில் இருந்தால் கை மாட்டாதே என்று அவளே யோசிப்பாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை, எட்டாவது வரை படித்தவள். அப்புறம் சோலைராஜ் கேட்பான். எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். ஒரே அடுப்பங்கரையில் நான் எப்படி நிற்பது?

சொல்லாமல் அவளைக் காப்பாற்றலாம் என்று பார்த்தேன். அவள் சுற்றும்போதெல்லாம் பிளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழியும், எழ மாட்டேன். குழாயில் தண்ணீர் வந்து போய்விடும், எழ மாட்டேன். அக்காவுக்கு என்மேல் அவ்வளவு பாசம் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை. எத்தனை காலத்துக்கு ஒருத்தியைக் காவல் காக்க முடியும்?

போன மாதம் அவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது உட்கார்ந்தேன். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவது, தர்மர் பிடித்த மாதிரி என் கையால் கம்பியைப் பிடிப்பது. கீழே இருக்கும்போது கையை இழுத்துக்கொண்டு போயிற்று. இந்தத் தோல் அப்போது உரிந்ததுதான், பாருங்கள். இன்னும் கூட்டினேன். நடுத்தரப் பொட்டுக்கும் பெரிய பொட்டுக்கும் நடுவில் ஒரு இடம். அங்கே மோட்டார் தானாகவும் கிளம்புகிறது, கையால் பிடித்தால் நின்றும்விடுகிறது. அந்த இடத்தில் வைத்துவிட்டு, குமிழைப் பிடுங்கி எடுத்தேன். அடியில் இருக்கிற தண்டைச் சுற்றி எம்சீல் பிசைந்து அப்பினேன். காய்ந்து கல்லாகிவிட்டது. பொட்டு மூன்றையும் சுரண்டிப் போட்டேன். இனிமேல் அதை யாரும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அன்றைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று யாரும் வந்து பார்க்கவும் முடியாது.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். ஏன்க்கா என்றாள். தர்மர்தான் அப்படிச் செய்யச் சொன்னார் என்றேன். பிளக்கைப் போட்டதும் கம்பி வேகமாகச் சுற்றியது. அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கொஞ்சம் கொறைக்கக் கூடாதாக்கா, கொறைக்கக் கூடாதாக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான். கண்ணை இறுக்கிக்கொண்டுதான் உட்காருகிறாள். முந்தாநாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கு வேகமா வச்சேன்னுதான் என்னைய இதுலயே ஓட்ட வைக்கிறீகளாக்கா? தண்டனையா?" என்று கேட்டாள்.

பழகிரும் என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் பயப்படுகிறாள், அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயப்படுகிறவளுக்கு விரல் இருக்கும். அவளுக்குத் தெரியாமலே அவளைக் காப்பாற்றியிருக்கிறேன். நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள், அவளுக்கு இதைவிட நான் என்ன செய்ய முடியும்? இல்லை, சொல்லவேண்டாம். கண்டக்டர் திருமங்கலம் என்கிறான்.

ஒரே ஒரு உதவி. இந்தச் சுருக்குப் பையில் வெற்றிலைக்கு அடியில் இருக்கிறது, இருங்கள், எடுக்கிறேன். இதுதான் அந்தக் குமிழ். வெள்ளைக் கோடு தெரிகிறதா? வீட்டில் எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று இருக்கிறது. குப்பையில் போட்டால் குப்பையைக் கிளறுகிறார்கள். கிணற்றில் போடலாம் என்றால் கோடையில் கிணறு தூர் வாருகிறார்கள். நீங்கள் மதுரைக்குப் போகிறவர், எங்காவது போட்டுவிடுங்கள், உங்களுக்கு ஒரு பாரமும் இல்லை. பேசிய பேச்சில் என் பேரை நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அவள் எழுந்துவிட்டாள். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள், பாருங்கள், நீங்களும் சிரியுங்கள். கூட்டத்தில் நான் விழுந்துவிடுவேனோ என்று எனக்குக் கை நீட்டுகிறாள், அந்தக் கையைத்தான் நீட்டுகிறாள். இதோ வந்துட்டேன் வெயிலு. நீங்கள் கையை மூடிக்கொள்ளுங்கள்.